ஜெனீவா சாரும் செங்கல் கோதண்டமும்

பாஸ்போர்ட் இல்லாமல், அண்ணனூரில் இருந்தபடியே ஐரோப்பாவில் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் தெரு ஜெனீவா சார்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். அஞ்சல் வழியில் எம்.ஏ. சரித்திரம் படித்து, எல்லாத் தாளும் தேறி, 'இரு போர்களுக்கு நடுவே ஐரோப்பா' என்ற தாளில் மட்டும் வருஷா வருஷம் விழுந்துகொண்டிருந்தார். காரணம் அறியாமை அல்ல, பாசம். முதல் உலகப் போர் முடிந்து போட்ட ஒப்பந்தத்தைப் பற்றியே கட்டுக்கட்டாக எழுதுவார். அடுத்த கேள்விக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும்.

குழாயடியில் சண்டை வந்தால், "நாடெல்லாம் சேர்ந்து ஜெனீவாவுல ஒரு சபை வெச்சாங்க, தெரியுமா?" என்று நடுவில் போய் நிற்பார். அவரிடமிருந்து தப்பிக்கும் அவசரத்தில் பெண்கள் சமாதானமாகிவிடுவார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. "கல்யாணமான புதுசுல என்னைவிட ஆஸ்திரியாவை நெனச்சுத்தான் அதிகம் கவலைப்பட்டாரு" என்பார் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்த அவர் மனைவி.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், தெருக்கோடிப் பொது மைதானத்தில் கோதண்டம் செங்கல் இறக்கினார். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்ச இடத்தில் நாலு எருமையும் ஒரு செங்கல் கடையும் வைத்திருந்தவர் அவர். கேட்டதற்கு, "ரெண்டே நாளு சார், எட்துடறேன்" என்றார். செங்கலுக்குத் துணையாக மணல் வந்தது. மணலுக்குத் துணையாக ஜல்லி. அப்புறம் எல்லாவற்றையும் சுற்றி முள்கம்பி.

ஜெனீவா சார் வீடு வீடாகப் போனார். எதிர்சாரியில் பேச்சிலராக இருந்த என் அறைக்கும் வந்தார்.

"அந்தத் துண்டு மீசைக்காரன் ரைன் ஆத்தங்கரையில படையைக் கொண்டாந்து நிறுத்தினப்போ, 'அவன் வீட்டு வாசல்தானே'ன்னு விட்டாங்க. அப்புறம் ஆஸ்திரியா. அப்புறம் செக் நாடு."

"சார், இது செங்கல்."

"மொதல்ல எல்லாமே செங்கல்தான் தம்பி."

கோதண்டத்தோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சார் வீட்டில் கூடித் தீர்மானம் போட்டோம். மறுநாள் காலை காபி வரவில்லை என்று சார் குரல் கொடுத்தார். "பால் கோதண்டத்து எருமையோடது. உங்க தடை காபிக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றார் டீச்சர். சார் நெடுநேரம் யோசித்து, பின்னால் என்றார். தெருவும் அப்படியே முடிவு செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தின் ஊடே ஸ்டேஷனுக்குப் போகும் குறுக்கு வழியையும் அடைக்க, ஆட்களோடும் கல்கம்பங்களோடும் வந்தார் கோதண்டம். நாங்கள் அவரவர் வாசலில் நின்று கண்டித்தோம், மனதுக்குள். ஜெனீவா சார் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிப் போய், குழி தோண்ட வேண்டிய இடத்தில் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

"நவுருங்க சார், கம்பம் நடணும்."

"படிச்சிட்டிருக்கேன். பரீட்சை."

"ஊட்ல குந்திகினு படிங்களேன்."

"அங்க வெளிச்சம் பத்தாது."

கோதண்டம் நினைத்தால் நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கொண்டுபோய் டீச்சரிடம் ஒப்படைத்திருக்கலாம். தூக்கத்தான் குனிந்தார். குனிந்தவர் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார் இது, கூடை நெறைய ரூவா நோட்டு?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒருவர் வலியக் கேட்ட முதல் கேள்வி அது. சார் ஆரம்பித்தார். ஒரு ரொட்டி வாங்கக் கூடை நிறைய நோட்டு கொண்டுபோன கதையில், ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். வேலையில்லாத கூட்டம் மீசைக்காரன் பின்னால் போன கட்டத்தில், கோதண்டம் கம்பத்தின் மேலேயே உட்கார்ந்தார். செக் நாட்டை அதனிடம் கேட்காமலே மற்றவர்கள் கூடி வெட்டிக் கொடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கம்பக்கத்துல கீறவனுங்கோ இன்னா பண்ணானுங்கோ?"

"வேடிக்கை பாத்தாங்க."

"மனுசனுங்களா சார் அவனுங்கோ?" என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார் கோதண்டம். எங்கள் எல்லோருக்கும் வீட்டுக்குள் ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

அந்தக் கதையில் தான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செக் நாடு.

"அப்பால அந்த மீசைக்காரன் இன்னா ஆனான்?"

"அது தெரியாது. என் தாள் முப்பத்தொன்பதாம் வருஷத்தோட முடியுது" என்று புத்தகத்தை மூடினார் சார்.

சாயங்காலம் கோதண்டம் என் அறைக் கதவைத் தட்டினார். "நைனா, நீயாவது சொல்லு. அவன் கதி இன்னா ஆச்சி?" எனக்குத் தெரிந்த அளவுக்கு, அவன் தன்னையே சுட்டுக்கொண்ட பதுங்கு குழி வரைக்கும் சொன்னேன். "அம்மாம் எடத்த வளச்சிட்டு, கடைசில ஒரு குழிக்குள்ளாறயா?" என்றவர், மைதானத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மனம் திருந்தி மைதானத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்று எழுத ஆசைதான். முள்கம்பி அப்படியேதான் இருந்தது. குறுக்கு வழியில் மட்டும் கம்பம் நடவில்லை. யாராவது கேட்டால், "சார் படிக்கிற எடம்பா அது" என்பார். கோதண்டத்துக்குச் சொன்ன சாக்கில் வாழ்க்கையில் முதல் தடவையாக முப்பத்தொன்பது வரை போய்ச் சேர்ந்துவிட்ட சார், அந்த வருஷம் தேறிவிட்டார்.

பிறகு அவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய வேனில், பூந்தமல்லி வரை கூட வருகிறேன் என்று நானும் தொற்றிக்கொண்டேன். ஆவடி தாண்டும்போது சார் ஜப்பானைப் பற்றி ஆரம்பித்தார். ஸ்ரீபெரும்புதூர் வந்தும் முடிக்கவில்லை. டிரைவர் என்னைப் பார்த்து, "பூந்தமல்லி பூட்ச்சே சார்" என்றான்.

"பரவாயில்லப்பா, ஓட்டு" என்றேன்.