பற்று இரண்டு கிலோ

ஆசைக்கு எடை உண்டா என்று கேட்டால் நீங்களும் நானும் சிரிப்போம். கூட்டேரிப்பட்டைத் தாண்டித் திண்டிவனம் போகிற பைபாஸ் ஓரத்தில் ஜனங்கள் சிரிக்காமல் வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், விழுப்புரத்திலிருந்து வேன் வேனாக வந்து இறங்குவார்கள். மூடிக் கிடந்த ஓட்டல் ஒன்றுக்கு வெள்ளையடித்து, முன்னால் ஒரு சிமெண்ட் புத்தரை உட்கார வைத்து, 'சூன்யபோதி தியான வனம்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். வனம் என்பது வாசலில் இருந்த நாலு குரோட்டன்ஸ் தொட்டி.

பற்றை விடு, உனக்குள்ளேயே விடுதலை கிடைக்கும் என்பது சூன்யபோதி அடிகளின் உபதேசம். புத்தர் சொன்னதுதான், நல்ல சொல்தான். ஆனால் புத்தருக்குத் தோன்றாத ஒன்று அடிகளுக்குத் தோன்றியிருந்தது. அது எடை மெஷின்.

கிழக்கு வாசலில் ஒரு மெஷின். பெயர் பந்தத் தராசு. அதில் ஏறி நின்றதும் ஜெகதீசன் என்ற சீடர் எடையை மைக்கில் அறிவித்து, பக்தரின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிடுவார். பிறகு கூடத்தில் கண்ணை மூடி உட்கார வேண்டும். "விடு... விடு..." என்று ஸ்பீக்கரில் அடிகளின் குரல் வரும். முடிந்ததும் மேற்கு வாசல் வழியாக வெளியே. அங்கே இன்னொரு மெஷின், விடுதலைத் தராசு. ஏறினால் இரண்டு கிலோ குறைந்திருக்கும். எல்லோருக்கும் இரண்டு கிலோ. வட்டிக்கடைக்காரருக்கும் இரண்டு, கைப்பிள்ளைக்கும் இரண்டு. பிள்ளைக்கு என்ன பற்று என்று ஒருவர் கேட்டதற்கு, பால் மேல் என்று பதில் வந்தது. ஏழை பணக்காரன் என்று பார்க்காத சாமி என்று ஜனங்கள் உருகிப் போனார்கள்.

மேற்கு வாசலில் வந்தவர் கிழக்கு வாசலுக்குத் திரும்பக் கூடாது. விட்ட பற்று மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். அது ஒட்டாமலிருக்க, எந்தப் பொருள் மேல் பற்று வைத்தீர்களோ அந்தப் பொருளையும் இங்கேயே விட்டுவிட வேண்டும். மோதிரம், செல்போன், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் பின்னாலிருந்த ஷெட்டுக்குப் போயின. திருவக்கரை பச்சைமுத்து, தவணை கட்டி முடித்த பைக்கையே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். மாவட்டத்தின் ஆசையையெல்லாம் அடிகள் ஒருவரே ஷெட்டில் வைத்துச் சுமந்துகொண்டிருந்தார், பாவம்.

கோலியனூர்ப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற வேங்கடேசன் விட்டது மாத்திரையை. அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. உடம்பு மேல் உள்ள பயம்தான் மாத்திரை ரூபத்தில் உங்களைப் பிடித்திருக்கிறது என்று அடிகள் சொல்ல, சட்டைப் பையிலிருந்த அட்டையை அங்கேயே இருந்த குப்பை டிரம்மில் போட்டார். அதன் பிறகு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, கன்னம் ஒட்டியது. சர்க்கரை ஆளைத் தின்றுகொண்டிருந்தது. அவரோ, பற்று வீட்டிலும் குறைகிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். வலது காலில் முள் குத்திய இடம் ஆறாமல் கறுத்தது. வலிக்கவே இல்லை என்று அதையும் விடுதலைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அவர் மனைவி லட்சுமியம்மாள்தான் அந்தக் காலைப் பார்த்துப் பயந்தாள். கெஞ்சினாள், அழுதாள், கேப்பைக் கூழில் மாத்திரையைப் பொடித்துப் போட்டு மாட்டிக்கொண்டாள். கடைசியில், ஒரு தடவை நீயும் வந்து பாரேன் என்றார் அவர். போனாள்.

லட்சுமியம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மல்லாட்டை வாங்க வியாபாரி தராசைக் கொண்டுவந்தால், மூட்டையை ஏற்றும் முன் அவளே முதலில் ஏறி நிற்பாள். அவள் எடை அவளுக்குத் தெரியும். மெஷின் அதைக் காட்டினால்தான் மூட்டை நகரும். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான், வியாபாரியிடம் ஒரு கைப்பிடி மல்லாட்டைக்குச் சண்டை பிடிப்பார்கள். அதே ஆட்கள் தியான வனத்தில் ஜெகதீசன் சொன்ன எடையைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். சாமியார் மெஷினைச் சந்தேகப்பட்டால் பாவமாம்.

அன்று கிழக்கு வாசலில் ஏறியபோது, முந்தின நாள் வியாபாரி மெஷின் காட்டியதைவிட லட்சுமியம்மாள் இரண்டு கிலோ கூடியிருந்தாள். ராத்திரிக்குள் அப்படி என்ன தின்றோம் என்று யோசித்தாள். மேற்கு வாசலில் சரியாகப் பழைய எடை. அவளுக்கு விளங்கிவிட்டது. வேன் கிளம்பியதும் புருஷனிடம் சொன்னாள்.

"உள்ள ஒக்காந்துக்கினு நான் எதையும் வுடலிங்க. உங்க கால்ல கீற புண்ணத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். எனக்கு எப்டி ரெண்டு கிலோ கொறஞ்சிது?"

"அதான் சாமி சக்தி. நீ வுடலன்னாலும் அவரு எடுத்துடுவாரு" என்றார் வேங்கடேசன். பேச்சு முடிந்தது என்று வெளியே பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு லட்சுமியம்மாள் புருஷனோடு ஒரு மூட்டை மல்லாட்டையையும் வேனில் ஏற்றினாள். சாமிக்குக் காணிக்கை போல என்று ஜெகதீசன் ஓடிவந்து இறக்கினார். காணிக்கை இல்லிங்க, தியானத்துக்கு வந்திருக்குது என்றாள். பந்தத் தராசில் வைக்கச் சொன்னாள். நாற்பத்திரண்டு கிலோ. கூடத்தில் தன் பக்கத்தில் பாய் விரித்து மூட்டையை உட்கார வைத்தாள். 'விடு... விடு...' என்றது ஸ்பீக்கர். மல்லாட்டை மிகவும் ஒழுங்காகத் தியானம் செய்தது. இருமவில்லை, கொட்டாவி விடவில்லை, நடுவில் செல்போனைப் பார்க்கவும் இல்லை.

மேற்கு வாசலில் மூட்டையை ஏற்றினாள். நாற்பது கிலோ.

மைக்கில் சொல்வதா வேண்டாமா என்று ஜெகதீசன் விழித்தார். லட்சுமியம்மாளே உரக்கச் சொன்னாள். கூட்டம் கூடியது. மூட்டைக்கு எது மேல் பற்று என்று கேட்டாள். சலசலப்பைக் கேட்டு அடிகளே வெளியே வந்தார். வழுவழுப்பான தலை, புன்னகை, காவியில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அம்மா, மூட்டைக்குப் பற்று இல்லை. மூட்டையின் மேல் உங்களுக்கிருந்த பற்று அதில் ஏறியிருந்தது. இன்று அதுவும் இறங்கிவிட்டது."

கூட்டம் கைதட்டியது. நம் ஜனங்களுக்குக் கேள்வி விளங்காவிட்டாலும் பரவாயில்லை, பதில் மெதுவாக வந்தால் போதும். வேங்கடேசன் தலைகுனிந்து, மானத்த வாங்காத, வா போலாம் என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை ஞாயிறு இந்த ஆள் வேன் ஏறுவார் என்பதுதான் அவள் மனசில் இருந்தது.

"சரிங்க சாமி. சாமிக்குப் பற்று இருக்குதுங்களா?"

"அதை விட்டு வெகுகாலம் ஆயிற்று."

"அப்ப கொறையறதுக்கு ஒண்ணும் இருக்காது. சாமி மொதல்ல அந்தத் தராசுல ஏறுங்க, அப்பறம் இதுல ஏறுங்க. ரெண்டும் ஒண்ணாத்தான காட்டணும்?"

அடிகளின் புன்னகை அப்படியே நின்றது. குருவைச் சோதிப்பது பெரும் பாவம் என்று ஆரம்பித்தார். அவரைத் தப்பவிடாதவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பைக்கை விட்ட பச்சைமுத்து. அவரைவிடப் பெரிய பக்தர் அங்கே கிடையாது. "ஏறிக் காட்டுங்க சாமி, இந்தம்மா மூஞ்சில கரியப் பூசலாம்" என்று பரவசத்தோடு அடிகளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய்ப் பந்தத் தராசில் ஏற்றினார். எண்பத்தாறு. அங்கிருந்து ஊர்வலம்போல விடுதலைத் தராசுக்கு. எண்பத்து நான்கு.

பச்சைமுத்து அந்த எண்ணைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அடிகளைப் பார்த்தார். பல மாதம் கழித்து அன்றுதான் அவர் முகத்தில் ஒரு யோசனை தெரிந்தது.

"சாமிக்கும் ரெண்டு கிலோ பற்று இருக்குது" என்றார் நிதானமாக. "அப்ப சாமியும் எதனா ஒண்ண வுடணும். என் பைக்க வுடுங்க."

அதன் பிறகு ஷெட் பூட்டு உடைய அதிக நேரம் ஆகவில்லை. எல்லாப் பற்றையும் துறந்த ஜனங்கள் ஒரே மிக்ஸியை மூன்று பேராகப் பிடித்து இழுத்தார்கள். தங்களுடையதல்லாத குக்கர் மேல்கூடச் சிலருக்குப் புதுப் பற்று வந்தது. அடிகள் சமையலறை வழியாக நழுவி, அதற்குள் காரில் போய்விட்டார். அவர் முன்பு பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் என்று போலீஸ் வந்த பிறகு தெரிந்தது. தொழிலை அவர் மாற்றவே இல்லை. சிமெண்ட் புத்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் சொன்னாலும் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள் என்றவர் அவர். அன்று அங்கே அவர் பேச்சைக் கேட்டவள் லட்சுமியம்மாள் ஒருத்திதான்.

வேங்கடேசனை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்று டாக்டர் திட்டினார். ஆக, தியான வனத்துக்குப் போனவர்களில் நிஜமாகவே ஒன்றை விட்டவர் வேங்கடேசன் மட்டும்தான். வலது கால் சுண்டுவிரல். அதற்கு எந்த ஷெட்டிலும் பூட்டை உடைக்க முடியாது. கட்டுப் போட்ட காலோடு அவர் மனைவியிடம் கையை நீட்டி மாத்திரை கேட்டபோது, அவள் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

போன வாரம் பச்சைமுத்துவைப் பார்த்தேன். மீட்ட பைக்கில் ஜல்தியாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். நிறுத்திக் கேட்டேன். மயிலம் ரோட்டில் புதுசாக ஒரு சாமியார் வந்திருக்கிறாராம். இவரும் விடச் சொல்கிறவர்தானாம்.

"ஆனா இவரு சுத்தமான ஆளு சார். தராசே கிடையாது. ஏமாத்தவே முடியாது."

மல்லாட்டை மூட்டைக்காகத் தராசில் ஏறிப் பார்க்கிற மகாஜனங்களே, உங்களைத் தூக்கிக் கொடுக்கும் முன்னும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது. எடையும் குறையாது.