தொடாதீர்கள் என்று மாப்பிள்ளை சொன்ன கம்ப்யூட்டர்

ஆனைக்குட்டம்,
14.5.2008

அன்பும் படிப்பும் மிக்க மைத்துனர் லட்சுமிகாந்தம் அவர்களுக்கு, உங்கள் மச்சான் நாகையா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா சோலையம்மாளும் மகள் செல்வலட்சுமியும் சுகம். கம்ப்யூட்டரும் சுகம். சென்னையில் உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பதில் போடவும்.

கம்ப்யூட்டரின் சுகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன மாதம் போனில் நான் யோசனை கேட்டபோது, "மச்சான், நீங்க வெடிக் கம்பெனிக்காரர். அதுல கை வைக்காதீங்க, எரிஞ்சிபோகும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். பட்டாசுக் கம்பெனியில் இருபத்தேழு வருடம், அதில் பதினோரு வருடம் ஃபோர்மேன், என் அறையில் ஒரு ஓலைவெடிகூட இன்றுவரை நேரம் தவறி வெடித்ததில்லை. அப்படிப்பட்டவனிடம் எரிந்துபோகும் என்கிறீர்களே என்று எனக்கு மனது ஆறவில்லை. இதை நான்தான் கழற்றுவேன், நான்தான் மாட்டுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் கேம் விளையாடி அலுத்து எங்களுக்குக் கொடுத்த அந்தப் பெட்டியில்தான் செல்வலட்சுமி ஞாயிறு சாயங்காலம் சிங்கப்பூரிலிருக்கும் அண்ணன் முனியராஜோடு கார் ரேஸ் ஓட்டுகிறாள். அவன் அங்கே கூட்டாளியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மைக்கை மாட்டிக்கொள்வான். மற்ற நாளில் போன் போட்டால் "சாப்பிட்டேன், நல்லாருக்கேன்" என்பதற்கு மேல் வாய் திறக்காத பயல், கார் ஓட்டும்போது மட்டும் சிரிப்பான், தங்கச்சியை ஏசுவான், வீட்டில் என்ன குழம்பு என்று கேட்பான். நானும் உங்கள் அக்காவும் பின்னால் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். சித்திரை பிறந்ததிலிருந்து இருபதாவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும், பையன் பாதிச் சிரிப்பில் காணாமல் போவான். பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். உங்கள் அக்கா, "இம்புட்டுச் சூடான சாமானை வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எப்படி உறங்க? ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லேன்னா வெளிய தூக்கி வையுங்க" என்று சொல்லிவிட்டாள்.

விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம் பாயிடம் போனேன். பிராசஸர் என்ற சில்லுக்கு மேலே உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் கூலர் போய்விட்டது, பெட்டியைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். "சாமானை மட்டும் குடுங்க பாய், மாட்டுறது நான்" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒடம்புல கண்ணுக்குத் தெரியாத கரண்டு இருக்கும். அதை எறக்காம தொட்டீகன்னா சில்லு செத்துரும்." "பாய், வெடிமருந்தறைக்குள்ள நொழையுமுன்ன செம்புத் தகட்டைத் தொட்டு அந்தக் கரண்டை எறக்கிட்டுத்தான் இருபத்தேழு வருசமா உள்ள போறேன். எங்க எடத்துல சாகிறது சில்லு இல்ல, ஆளு" என்றேன். பாய் உள்ளே போனார். கூலரையும் அதற்குத் தடவ வேண்டிய பசையையும் எடுத்து என் கையில் வைத்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், பருத்தி வேட்டியும் வெறுங்காலுமாக வேலையை ஆரம்பித்தேன். அறைக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது என்பது கம்பெனிச் சட்டம். நாங்கள் மூன்று பேர்தான் என்றாலும், பக்கத்து வீட்டுப் பலவேசம் ஒருவனே ரெண்டு பேருக்குச் சமம் என்பதால் அவனை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினேன். "அண்ணே, வெடிக்குமா?" என்று அவன் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். பேஸ்ட் தடவ வேண்டும் என்று செல்வலட்சுமி சொன்னதுதான் தாமதம், பட்டாசுக் குழாய் ஒட்டும் வேலை பார்க்கிற உங்கள் அக்கா ஒரு சட்டி மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டாள். இது ஒட்டுவதற்கு இல்லை, சூட்டைக் கடத்துவதற்கு என்றேன். "ஒட்டாத பசை என்ன பசை" என்று கேட்டாள். பழைய கூலரைப் பிடித்து இழுத்தால், உள்ளேயிருந்த பழைய பசை சிமெண்டாக இறுகிப்போய், பிராசஸரும் அதோடு ஒட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் நூற்றுக்கணக்கில் மயிரிழைக் கால்கள், அதில் மூன்று வளைந்திருந்தன. செல்வலட்சுமி சத்தமில்லாமல் அழுதாள். "சோலி முடிஞ்சது" என்றான் பலவேசம். மாப்பிள்ளை, உங்களிடம் மறைப்பானேன், நீங்கள் சொன்னது பலித்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை பையன் சத்தம் கேட்காது என்று நினைத்தேன். பிறகு, சின்ன வயதில் ஒரு நாளைக்கு ஆயிரம் வெடிக்குத் திரி செருகிய விரல்தானே இது என்று தையல் ஊசியை எடுத்தேன். ஒவ்வொரு காலாக நிமிர்த்த முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் பெட்டி வீல் என்று கத்தியது, பலவேசம் தெருமுனை வரை ஓடிவிட்டான். பார்த்தால், ஃபேன் வயரைச் செருக மறந்திருக்கிறேன். செருகினேன், சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டரை மணி நேரம் அணையவில்லை. "ஏட்டி, இன்னுமா ஓடுது?" என்று முனியராஜ் கேட்டுக்கேட்டுச் சிரித்தான். உங்கள் அக்கா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுன்னு இருக்கு" என்றாள். எனக்கு அது போதும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏதும் கோளாறு என்றால் கூச்சப்படாமல் எழுதவும், லீவு போட்டு வருகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசியைச் சொல்லவும். வெம்பக்கோட்டைச் சாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ப. நாகையா, ஃபோர்மேன்

பின்குறிப்பு: ஸ்டாம்பு வாங்க மறந்து இந்தக் கடிதம் ஒரு வாரமாகச் சட்டைப்பையில் கிடந்தது. இதற்கிடையில் அடுத்த ஞாயிறு வந்தது. கம்ப்யூட்டர்தான் அணையாதே என்று உங்கள் அக்கா மைக்கை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் முனியராஜிடம் கல்யாணப் பேச்சுப் பேசினாள். ஒரு ரேஸும் ஓடவில்லை. செல்வலட்சுமி கோபித்துக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் பையன் கம்பெனி ஆபீசுக்கே போன் போட்டு என்னைக் கூப்பிட்டு, "எப்பா, அம்மா பேசும்போது மட்டும் அது தானா அணையிற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்தவரை வழியில்லை. தாங்கள் படித்தவர், உடனே யோசனை சொல்லவும். பதிலைக் கம்பெனி விலாசத்துக்குப் போடவும்.