பனைமரத்தைப் பிடித்த கேமரா

சும்மா இருக்கத் தெரியாதவன் கையில் யாரும் கேமராவைக் கொடுக்கக் கூடாது. அதிலும் பழைய கேமராவைக் கொடுக்கவே கூடாது. புதுக் கேமரா தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், நாம் விரலை வைத்தால் போதும். பழசு அப்படி இல்லை. நோண்டுவதற்கு இடம் கொடுக்கும். எனக்கு நோண்ட இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் அக்கா வசந்தி உங்களுக்கு விளக்கமாகச் சொல்வாள். கேட்காமலேயே சொல்வாள்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். குடியிருப்பது ராமநாதபுரம், சுற்றுவது பரமக்குடி, கமுதி, தொண்டி, கீழக்கரை. டாக்டர் கூப்பிடும் வரை உட்காரச் சொன்னால் பெஞ்சில் உட்காராமல் வராந்தாவில் உலாத்துவேன். (என் மனைவி செல்வி சொல்வது: “பைக் கூட அப்பப்ப நிக்குது. நீங்க நிக்க மாட்டேங்கிறீங்க.”) அப்படிச் சுற்றும்போது பழக்கமானவர்தான் கீழக்கரை சாகுல் அண்ணன். துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து மெடிக்கல் ஷாப் போட்டவர். அங்கே இருந்தபோது ஆசையாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று அவர் வீட்டுப் பீரோவில் கிடந்தது. பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

“வச்சுப் பாருங்க தம்பி. புடிச்சா நீங்களே எடுத்துக்கங்க, புடிக்கலைன்னா கொண்டாந்து குடுத்துருங்க. பழசுதான், ஆனா நல்ல சாமான்” என்று பையோடு தூக்கிக் கொடுத்தார். கூடவே மூணு கால் ஸ்டாண்டு ஒன்றும்.

அவர் வச்சுப் பாருங்க என்றுதான் சொன்னார். நான் அதை ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டேன். அரியமான் கடற்கரையில் காலையும் மாலையும் கடலை எடுத்தேன். பாம்பனில் ரயில் வருவதற்காகக் காத்திருந்து, பொறுமை போய் டீ குடிக்கப் போன நேரத்தில் ரயில் போய்விட்டது. இருட்டில் எப்படி எடுக்கிறது என்று பார்க்க வீட்டு ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டையை எடுத்தேன். படத்தில் மூட்டைக்கு உள்ளே இருக்க வேண்டிய அரிசி, மூட்டைக்கு வெளியேயும் தெரிந்தது. அவ்வளவு குருணை. இருட்டுக்காக ஏற்றுகிற ஐஎஸ்ஓ எண்ணூறைத் தாண்டினால் இதற்கு ஆகாது என்று முடிவுக்கு வந்தேன்.

மற்றபடி குறை சொல்ல முடியாது. பத்து மெகாபிக்சல்தான், ஆனால் பகல் வெளிச்சத்தில் நிறம் அள்ளும். பேட்டரி சீக்கிரம் சாகவே சாகாது. ஷட்டர் விழுகிற சத்தம் இருக்கிறதே, ‘சடக்’ என்று, அதைக் கேட்கவே எடுக்கலாம். வீடியோ கிடையாது. பின்பக்கத் திரையில் பார்த்துக்கொண்டே எடுக்கவும் முடியாது, கண்ணை ஓட்டையில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் நம்பகமான ஆள், மற்றதெல்லாம் ஒப்புக்கு. இதையெல்லாம் செல்வியிடம் சொன்னேன். “கேமரா நல்லாருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டுச் சோறு தின்னுங்க” என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஆர்.எஸ்.மங்கலத்தில். கல்யாணமாகி ரொம்ப காலம் பிள்ளை இல்லை. அந்த வீட்டு ஹாலில் அவளுடைய நாத்தனார் சாந்தாவின் பிள்ளைக்குக் காதுகுத்திய படம் ஒன்று பெரிதாகத் தொங்கும். தாய்மாமன் என்ற முறையில் எங்கள் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மீசையும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அக்கா எனக்குப் போன் போட்டாள்.

“ஏலே குமாரு, பிள்ளை இல்லாத அத்தனை வருசமும் அந்தப் படத்தைத் தொடச்சவ நான். இப்ப எம்பிள்ளை ஓம் மடியில உக்காந்து காது குத்துற படம் ஒண்ணு அதுக்குப் பக்கத்துல தொங்கணும். எனக்கும் கூடப்பொறந்தவன் ஒருத்தன் வந்து நின்னான்னு இந்த வீட்ல தெரியணும். வேற சீரு செனத்தி நீ ஒண்ணும் செய்ய வேணாம். தொண்டி ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லியாச்சு, நீ வந்து உக்காந்தாப் போதும்.”

உட்கார்ந்தால் போதுமாம். என்னிடம் போய்.

“ஸ்டூடியோவெல்லாம் வேணாம்க்கா, கேன்சல் பண்ணிரு. எங்கிட்ட டிஎஸ்எல்ஆர் இருக்கு” என்றேன். அவள் தயங்கினாள். மடியில் உட்காருகிறவனே எப்படிப் படமும் எடுப்பான் என்று நியாயமான ஒரு கேள்வியும் கேட்டாள். “அதுல டைமர் இருக்குக்கா” என்று பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். அமுக்கிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தால் பத்து செகண்டில் அதுவே எடுக்கும். தம்பி படித்தவன், விவரமானவன் என்று நம்பி ஸ்டூடியோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

குலசாமி கோயில் தொண்டிக்குப் போகிற வழியில் கடலோரம், பனங்காட்டுக்குள் இருக்கிறது. போய் இறங்கியதிலிருந்து நான் நிற்கவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க கோயிலை வலமாகவும் இடமாகவும் சுற்றினேன். (இடமாகச் சுற்றியதற்குப் பூசாரி முறைத்தார்.) கடல்காற்றில் ஸ்டாண்டு ஆடியது. தேங்காய்ப் பையை எடுத்து அதில் கட்டித் தொங்கவிட்டேன். அர்ச்சனைக்குத் தேங்காயைக் காணோம் என்று ஒரு கூட்டம் தேடியது.

மொட்டை என் மடியில்தான் போட்டார்கள். அப்போதும் என் கண் ஸ்டாண்டு மேலேயே இருந்தது. “ஆடாம உக்காருங்கய்யா, கத்தி வச்சிருக்கேன்” என்று சவரம் செய்தவர் அதட்டினார். அதைப் படம் எடுக்க முடியவில்லை. பரவாயில்லை, காதுகுத்துதானே முக்கியம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஜமுக்காளம் விரித்தாயிற்று. ஆசாரி தோட்டையும் கம்பியையும் தட்டில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தார். சுற்றி நின்ற சனம் அத்தனையும் போனை நீட்டியது. எனக்கு வந்ததே கோபம்.

“எல்லாரும் போனை உள்ள வைங்க. ஃபிரேமுக்குள்ள கை கையா விழுது. நான் எடுத்து எல்லாருக்கும் அனுப்புறேன்.”

மச்சான் பக்கத்தில் வந்து, “மாப்ள, நீ போய் உக்காரு. எங்கிட்டக் குடு, நான் அமுக்குறேன்” என்றார்.

“இது போன் இல்ல மச்சான். எக்ஸ்போஷர் பாக்கணும்.”

பாவம், அவர் பின்னால் போய்விட்டார். போன்களும் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. அக்கா மஞ்சள் புடவையில் ஜமுக்காளத்து ஓரமாக உட்கார்ந்து, என்னையும் ஆசாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு சிக்கல். நான் உட்காருகிற இடத்தில் ஃபோகஸ் வைக்க வேண்டும், ஆனால் நான் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறேன். அங்கே யாராவது உட்கார வேண்டும். சித்தப்பா மகன் முருகேசன் கண்ணில் பட்டான். கமுதியில் மிளகாய் வியாபாரம், நல்ல பாரி உடம்பு. எனக்கு நேர் எதிர். ஓரிடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

“முருகேசா, எனக்குப் பதிலா பிள்ளைய வச்சுக்கிட்டு ரெண்டு நிமிசம் உக்காருடா. ஃபோகஸ் பாத்துட்டு வாரேன்.”

“சரிண்ணே” என்று போய்ச் சம்மணம் போட்டான். மொட்டை போட்ட அலுப்பில் அழுது ஓய்ந்திருந்த யாழினி, மெத்தை மாதிரி ஓர் ஆள் கிடைத்ததும் அவன் நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஓட்டையில் கண்ணை வைத்தேன். நடுப்புள்ளியைச் சரியாக நடுவில் வைத்தேன். டைமரைப் போட மெனுவுக்குள் போனேன். அந்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு தேடினேன்.

துண்டுக்கு வெளியே நடந்ததை எனக்குப் பிற்பாடு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆசாரி பார்த்திருக்கிறார். தாய்மாமன் மடியில் பிள்ளை இருக்கிறது, பிள்ளையும் தூங்குகிறது, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அக்கா தடுப்பதற்குள் கம்பியை எடுத்துவிட்டார். மொட்டை போட்டபோது அங்கே இல்லாத அவர், முருகேசன்தான் தாய்மாமன் என்று நினைத்ததில் தப்பே இல்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறவனை யார் மாமன் என்பார்கள்?

வீல் என்று சத்தம் கேட்டது. பதறிப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினேன்.

“பொறுங்க, பொறுங்க, நான்தான் மாமன்.”

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். “ஒரு காது முடிஞ்சிருச்சே தம்பி. இன்னொரு காது இருக்கு, சட்டுன்னு உக்காருங்க.”

எனக்குப் பின்னால் ‘சடக்’ என்று கேட்டது.

அப்போதாவது நான் உட்கார்ந்திருக்க வேண்டும். முருகேசன் நகர்ந்து இடம் விட்டான். அக்கா, “உக்காருலே” என்று கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் புத்தி அந்த நேரத்தில் எங்கே இருந்தது தெரியுமா? அந்த மாடலில் ஒரு படம் எடுத்ததும் டைமர் தானாக அணைந்துவிடும். மறுபடி மெனுவுக்குள் போய்ப் போட்டால்தான் உண்டு. இதை நான் ஆராய்ச்சியிலேயே குறையாகக் கண்டுபிடித்திருந்தேன். டைமர் இல்லாமல் உட்கார்ந்து என்ன பிரயோஜனம், இந்தக் காதையாவது படம் எடுப்போம் என்று அக்காவின் கையை உதறிவிட்டுத் திரும்பக் கேமராவுக்கே ஓடினேன். ஓடிப் போய் சடக் சடக் என்று தள்ளினேன். முருகேசன் மடியிலேயே இரண்டாவது காதும் குத்தியாயிற்று.

“வந்திருச்சா?” என்று அக்கா கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிள்ளை அழுததற்காக என்று நினைத்துக்கொண்டேன். “சூப்பரா வந்திருக்குக்கா” என்றேன். திரையில் எனக்குத் தெரிந்தது என் மூக்கு மட்டும்தான்.

பந்தி நடக்கும்போது கோயில் மடப்பள்ளி இருட்டுக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் படம் முழுக்க என் வேட்டி. ‘பொறுங்க’ என்று நான் கையை விரித்து நின்ற கோலத்தில் பிள்ளை, ஆசாரி, அக்கா எல்லாரும் மறைந்துபோனார்கள். அடுத்தடுத்த படங்களில் எல்லாரும் இருந்தார்கள், ஆனால் யாருக்கும் முகம் இல்லை. அந்த நம்பகமான நடுப்புள்ளி, ஆசாரி தலைக்கும் முருகேசன் தலைக்கும் இடையில் சந்து கிடைத்து நுழைந்து, பின்னால் நின்ற பனைமரத்தைப் பிடித்திருந்தது. ஒரு படம் பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் பனைமரம்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி விடு, சாப்பிட வா” என்றாள். அந்தச் சோறு எனக்கு இறங்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது, ரசத்தில் காரம் என்று சமாளித்தேன். உலகத்தில் ஒரே ஒரு வேலை சொன்னாள். அதுவும் உட்காருகிற வேலை.

மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாகுல் அண்ணன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “மாஷா அல்லாஹ், எம்புட்டுத் துல்லியமா இருக்கு. ஓலை ஓலையா எண்ணலாம் போலயே தம்பி. இந்த மரத்துக்காகத்தான் போனீங்களா?” என்று உண்மையாகவே கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவுக்குப் படம் கிடைத்தது. கொடுத்தது யார் தெரியுமா? அதே சாந்தா. நான் போட்ட அதட்டலுக்கு அவள் போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாளே தவிர எடுக்காமல் விடவில்லை. “மதினி, ஒங்க தம்பி குதிச்ச குதியப் பாத்ததுமே எனக்குத் தெரியும். இந்தாங்க” என்று அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். அக்காவும் அதைத்தான் பெரிதாகப் போட்டு மாட்டினாள். எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள். அக்கா, ஆசாரி, வாயைத் திறந்து அழுகிற யாழினி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகேசன். ஓரத்தில், ஸ்டாண்டு மேல் குனிந்து நிற்கிற ஒரு வேட்டியின் பின்பக்கம். முகம் தெரியாது. தெரியாமல் போனதில் எனக்கு முதலில் ஓர் ஆறுதல் இருந்தது.

அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது அவளுடைய டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, “இவருதான் ஒன் தாய்மாமாவா?” என்று முருகேசனைக் காட்டிக் கேட்டார்.

“இல்ல டீச்சர், இது கமுதி மாமா. எங்க சொந்த மாமா அங்கன குனிஞ்சு நிக்கிறாங்கல்ல, அவங்கதான்.”

டீச்சர் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். “காதுகுத்துல அவரு மடியிலதானே உக்காரணும்?”

“ஆமா டீச்சர். அன்னைக்கு அவங்களுக்கு வேலை இருந்துச்சாம்” என்றாள் யாழினி. அடுப்படியிலிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.