மாப்பிள்ளை அனுப்பிய கன்ட்ரோலருக்கு வைத்த சந்தனப் பொட்டு

மங்கலம் ரோடு,
திருப்பூர்.
தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நித்தீஷ் அவர்களுக்கு, மாமனார் சென்னிமலை எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தை கண்ணம்மாள் சுகம், கீழே நம் பனியன் கம்பெனியில் தையல் மிஷின்கள் எல்லாம் சுகம். அங்கே நெதர்லாந்துக் குளிரில் நீங்களும் தேஜஸ்ரீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாகாளியம்மன் துணை. இங்கே சுகமில்லாமல் கிடப்பது ஒரே ஒரு சாமான்தான். அது நீங்கள் அனுப்பியது என்பதால் வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் தீபாவளிப் பலகாரப் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களோடு விளையாடப் பிடிக்காமல் நான் சாக்குச் சொல்லவில்லை. போன ஞாயிறு தேஜு தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, உங்களுக்கும் அவருக்கும் பேசறதுக்கு ஒன்னுமே இல்லீன்னுதான் யோசிச்சு யோசிச்சு அதெ அனுப்புனாருங்க. நீங்க வாரா வாரம் ஒரு சாக்கு சொல்றீங்க. மாமாவுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது, இனிக் கேக்கமாட்டேன்னு சொல்லிப்போட்டாருங்கப்பா" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னதில் பொய்யில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாம் இருவரும் போனில் பேசியதை எல்லாம் சேர்த்துவைத்தாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குத் தேறாது. "சாப்டாச்சுங்களா?" என்பேன். "ஆச்சுங்க மாமா" என்பீர்கள். "அங்க மழைங்களா?" என்று கேட்பீர்கள். "இல்லீங்க மாப்பிள்ளை" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேரும் தொண்டையைச் செருமுவோம். "இதா, தேஜுகிட்டக் குடுக்கறனுங்க" என்று போன் கைமாறிவிடும். இதற்கு ஒரு வழி பண்ணத்தான் நீங்கள் கம்ப்யூட்டரில் கார் விளையாடுகிற, கம்பியில்லாத அந்தக் கன்ட்ரோலரை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே ரோட்டில் கார் ரேஸ் ஓட்டலாம் என்றீர்கள். பெட்டியைப் பிரித்த அன்று நான் பட்ட சந்தோஷத்தை உங்கள் அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். "கொழந்தையாட்ட அதெக் கட்டிப் புடிச்சிட்டுத் திரியறாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கட்டடத்துக்குள் எந்த மிஷின் வந்தாலும், ஓரம் தைக்கிற ஓவர்லாக் ஆகட்டும், வீட்டு மிக்சி ஆகட்டும், முதலில் கீழே கம்பெனி ஆபீஸ் மேஜையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டி, அங்கேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதனதன் இடத்துக்குப் போகும். மிக்சி வந்த அன்று ஆபீசிலேயே தேங்காய்ச் சட்னி அரைத்து, டெலிவரி சலான் எல்லாம் ஒரு வாரம் பச்சை மிளகாய் வாசம் வீசியது. மாப்பிள்ளை அனுப்பிய சாமானுக்கு அந்த மரியாதை இல்லாமல் போகுமா? நல்ல நேரம் பார்த்துக் கன்ட்ரோலரை மேஜையில் வைத்தோம். எங்கே பொட்டு வைப்பது என்று திருப்பிப் பார்த்தேன். மேல் விளிம்பில், பொட்டு வைப்பதற்கென்றே விட்டதுபோல ஒரு சின்னக் குழி இருந்தது. வெள்ளைக்காரனுக்குக்கூட நம் பழக்கம் தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு, சந்தனத்தைக் குழைத்து அதில் தாராளமாக அப்பினேன். கண்ணம்மாள் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். எங்கள் கணக்குப்பிள்ளை அன்புசெல்வி, தேஜு போனில் சொல்லச் சொல்ல, விளையாட்டுகளை வாங்கி ஓட்டுகிற ஒரு புரோகிராமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி, எங்கெங்கோ தட்டி, ஈரச் சந்தனத்தோடு அந்தக் குழியையும் ஒரு அமுக்கு அமுக்கினாள். கன்ட்ரோலர் விளக்கு மினுமினுத்து நின்று எரிந்தது. டெய்லர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் சனி பிடித்தது. கன்ட்ரோலரை மாடியில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தேஜு காலேஜ் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து நடுப் பட்டனை அமுக்கினேன். விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டி நின்று எரிந்தது. நின்று எரிந்தால் சேர்ந்துவிட்டது என்று தேஜு சொல்லியிருந்தாள். ஆனால் கம்ப்யூட்டரோ, கன்ட்ரோலரை இணைக்கவும் என்று கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கையில் இருப்பது சேர்ந்தாச்சு என்கிறது, கண்ணெதிரில் இருப்பது சேரவில்லை என்கிறது. பெண் வீட்டார் சரி என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிற சம்பந்தம் மாதிரி நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். கட்டைவிரலால் கார் ஓட்டுகிற அந்தச் சின்னக் குச்சியை இப்படி அப்படித் திருகினேன், எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். திரையில் கார் அசையவில்லை. பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். புது பேட்டரி போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். ப்ளூடூத்துக்காகச் செருகுகிற அந்தச் சின்னத் துண்டு பின்னால் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது, சிக்னல் வராதோ என்று முன்னால் மாற்றிச் செருகினேன். கம்பி போட்டு இணைத்தால் ஆகும் என்றாள் தேஜு. வீட்டில் கிடந்த கம்பியைப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அது போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கம்பியாம், சேதி எதுவும் கொண்டுபோகாதாம். கம்பியில்கூட இத்தனை ஜாதி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"போன்ல மாப்பிள்ளைகிட்டயே கேட்டுப்போடறேன்" என்று நானே கண்ணம்மாளிடம் சொன்னேன். அவள் விடவில்லை. "ஏனுங்க, மாப்பிள்ளை குடுத்த சாமானை நொட்டை சொல்லலாமுங்களா? அவிய மனசு என்ன பாடுபடும்?" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. அதனால் உங்கள் மனசு நோகக்கூடாது என்று ஆரம்பித்த வேலை, உங்கள் மனசை நோகடித்ததில் வந்து நின்றது. முதல் ஞாயிறு கரண்ட் இல்லை என்று சொன்னேன். வீடியோவில் என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. அடுத்த ஞாயிறு, கணியூரில் எங்கள் பழனாயி அக்கா தவறிவிட்டார், எடுக்கப் போகிறோம் என்று சொன்னேன். பழனாயி அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நீங்கள் மெனக்கெட்டுச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் எழுதியதை, கண்ணாடி போடாமல் பார்த்த அவரே, "சந்தோசம் கண்ணு, நீங்களும் நூறாயுசு நல்லா இருங்க" என்று பதில் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. அதற்கடுத்த வாரம் கண்வலி என்றேன். அப்போது நிஜமாகவே கண் வலித்தது, அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்து.

இதெல்லாம் போதாதென்று கீழே ஆபீசிலும் ஒரு கூத்து. இதே சமயத்தில்தான் அன்புசெல்வியின் கம்ப்யூட்டருக்கு என்னவோ ஆகிவிட்டது. சாயங்காலம் டீ நேரத்தில், அவள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே, திரையிலிருக்கும் அம்பு தானாக ஊர ஆரம்பித்துவிடும். அவள் இந்தப் பக்கம் இழுத்தால் அது அந்தப் பக்கம் ஓடும். ஒரு நாள் தானாகவே பிரிண்ட் கொடுத்து, ஒரே பில்லை ஒரு கட்டுக் காகிதம் தீரும்வரை அடித்துத் தள்ளியது. "ஐயா, கம்ப்யூட்டருக்குள்ள யாரோ பூந்துட்டாங்க, நம்ம கணக்கையெல்லாம் பாக்கறாங்க" என்று அழுதாள். புது மவுஸ் வாங்கினோம், அதுவும் அப்படியே. வைரஸ் மருந்து போட்டோம், கேட்கவில்லை. கடைசியில் அவள் திரைக்கு மேலே எலுமிச்சை மிளகாய் கட்டித் தொங்கவிட்டாள். நான் மேலே உங்கள் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், கீழேயிருந்து "ஐயா, மறுக்காவும் ஓடுதுங்க!" என்று கூப்பாடு வரும். அதைப் போட்டுவிட்டு இறங்கி ஓடுவேன். நான் போய்ச் சேரும்போது அம்பு சமர்த்தாக நின்றிருக்கும். என் முகத்தைக் கண்டால் பேய்க்கே பயம் என்று டெய்லர்கள் பேசிக்கொண்டதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

கேமரா மாட்டுகிற நம் சிவராஜைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். ஆபீஸ் கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் பார்த்தான், அம்பு அசையவே இல்லை. மேலே வந்து கன்ட்ரோலரைப் பார்த்தான். "அண்ணா, புதுசாச் சேக்கறதுக்கு மேல ஒரு பட்டன் இருக்கோணும். இதுல அது அமுங்கவே மாட்டீங்குது. உள்ள போர்டு போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான். அத்தோடு என் நம்பிக்கையும் போய்விட்டது.

ஆகவே மாப்பிள்ளை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு இந்தக் கன்ட்ரோலரை முறுக்கு, அதிரசத்தோடு திருப்பி அனுப்புகிறேன். வாங்கிய கடையில் மாற்றித் தருவார்களா பாருங்கள். தரவில்லை என்றாலும் பரவாயில்லை. எனக்கு விளையாட்டில் பிரியம் இல்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். உங்களுக்கு அடுத்த காரில் உட்கார்ந்து போக நான் ஆசைப்பட்டேன். அந்தக் கொடுப்பினை இல்லை போலிருக்கிறது, மறுபடியும் மழையைப் பற்றியே பேசிக்கொள்வோம். நீங்களும் தேஜுவும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ உங்கள் அத்தையும் நானும் மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறோம். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், அந்த ஊரில் சீயக்காய் கிடைக்காது என்று அதையும் வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள மாமா,
சென்னிமலை.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதி தப்பு. பார்சலில் கன்ட்ரோலரைத் தேடாதீர்கள், அது என் மடியில் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். கடிதத்தை முடித்துவிட்டு, வழியில் உடையக்கூடாது என்று அதைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றும்போது நடுப் பட்டன் அமுங்கி விளக்கு எரிந்தது, குச்சி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்தது. கீழேயிருந்து அன்புசெல்வி, "ஐயா, ஓடுதுங்க!" என்று கத்தினாள். நான் கையை எடுத்தேன். "நின்னுருச்சுங்க!" என்றாள். மறுபடி தொட்டேன், மறுபடி கத்தினாள். பலகாரம் கட்டிக்கொண்டிருந்த கண்ணம்மாள் நிமிர்ந்து, "ஏனுங்க, நீங்க அமுக்கறப்பத்தானுங்க அந்தப் புள்ள கத்தறா" என்றாள். மாப்பிள்ளை, உங்கள் கன்ட்ரோலர் சேர்ந்துதான் இருந்திருக்கிறது, கீழே ஆபீஸ் கம்ப்யூட்டரோடு. பூஜையன்று அங்கேதானே முதலில் சேர்த்தோம்? அன்றிலிருந்து விளக்கு எரிந்த உடனே அது மாடிக் கம்ப்யூட்டரைத் திரும்பியும் பார்க்காமல், மாடித் தரைக்குக் கீழே ஆபீசில் இருக்கிற அதையே பிடித்துக்கொள்கிறது. விளையாட்டுப் புரோகிராம் திறந்து கிடந்தால் அந்தக் குச்சியே மவுஸ் வேலையும் பார்க்குமாம். இத்தனை நாளும் அன்புசெல்வியின் பில்லுக்குள் கார் ஓட்டிய பேய் நான்தான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அதை நீக்கிவிட்டோம். புதிதாகச் சேர்க்கிற பட்டன், நான் பொட்டு வைத்த அதே குழிதான். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஓவர்லாக் ஊசியால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். பட்டன் அமுங்கியது, விளக்கு வேகமாக மினுமினுத்தது, மாடிக் கம்ப்யூட்டர் முதல் தடவையாக அதன் பெயரைக் காட்டியது. கார் நகர்ந்தது, மாப்பிள்ளை! நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. கண்ணம்மாள், "பாத்து ஓட்டுங்க, அக்கட்டால ஆளு நிக்கறாங்க" என்று கத்தினாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்புசெல்விக்கு நடந்ததைச் சொல்லி ஒரு லட்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கண்ணம்மாள் தடுத்துவிட்டாள். "வாயில வராததையெல்லாம் எழுதியிருக்கறீங்க. அதுபாட்டுக்குப் போகட்டும்" என்றாள். இது உங்கள் கைக்கு வருமுன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், நானே கூப்பிட்டிருப்பேன், நாம் ஒரு ரேஸ் ஓட்டி முடித்திருப்போம். நான்தான் தோற்றிருப்பேன். மாப்பிள்ளையை ஜெயிப்பது மரியாதையில்லை என்று விட்டுக்கொடுத்ததாகத் தேஜுவிடம் சொல்லியிருப்பேன், அதை நம்ப வேண்டாம். பழனாயி அக்காவுக்குச் செய்த காரியத்தை மட்டும் மறந்துவிடுங்கள். அடுத்த ஞாயிறும் நீங்கள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், போனை உடனே தேஜுவிடம் கொடுத்துவிடாதீர்கள்.