மணலுக்கு ஒரு டிக்கெட்

திருநெல்வேலிச் சீமையில் கடலுக்குப் பயந்தவர்கள் உண்டு, கடலைக் கும்பிட்டவர்கள் உண்டு. கடற்கரையைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, அதற்கு லக்கேஜ் டிக்கெட்டும் கேட்டு வாங்கியவர் ஒருத்தர்தான். மணல் தாசில்தார்.

நான் சாத்தான்குளம் வழியாகக் கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். கடைசி மூன்று நிறுத்தமும் மீனவ ஊர்கள். நிஜப் பேரை எழுதினால் மூன்று ஊரும் ஒன்றாகக் கிளம்பிப் பேட்டையில் என் வீட்டுக்கு வந்துவிடும். வேறு எதற்கும் அவை ஒன்றாகாது. அதனால் தெற்கூர், நடுவூர், வடக்கூர் என்று வைத்துக்கொள்வோம். நம்மாள் நடுவூர். படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற தொழில். ஒரே மகளை வடக்கூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் வீட்டு வாசலில் இருந்து இருபது எட்டு வைத்தால் அலை.

தெற்கூருக்குத் தூண்டில் வளைவு வந்தது. கடலுக்குள் நீளும் கருங்கல் சுவர், நுனி மட்டும் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். இரண்டே வருஷத்தில் அதன் தென்பக்கம் மணல் குவிந்து, கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு மைதானம் ஆகிவிட்டது. வடக்கே நடுவூரில் படகை ஏற்றிவைக்கக் கரை இல்லை. கடலுக்குக் கோபம் என்றது ஊர். தாசில்தார் ஒத்துக்கொள்ளவில்லை.

"கடலு யோக்கியம்வே. களவு நடந்தது தெற்கூர்ல. தென்மேக்குக் கச்சான் காத்துல மணலு கரையோரமா வடக்க நடக்கும். வடகெழக்குக் கொண்டல் காத்துல கொஞ்சம் திரும்பி வரும். போறது கூட, வாறது கொறச்ச. தெற்கூரு நமக்குத் தரும், நாம வடக்கூருக்குத் தருவோம். சம்பந்தி முறை. நடுவுல கல்லப் போட்டு மறிச்சா சீரு எப்பிடிவே வந்து சேரும்?"

இதையே தாலுகா ஆபீசுக்கு மனுவாக எழுதினார். 'எங்கள் ஊர் மணல் தற்சமயம் தெற்கூரில் தங்கியுள்ளது. பட்டா மாற்றித் தரவும்.' பதில் வரவில்லை. பேர் வந்தது. பஸ்ஸே சேர்ந்து வைத்த பேர்.

பதில் வராததால் அவரே ஆரம்பித்துவிட்டார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து தெற்கூருக்கு நடந்து போவார். ஒரு சிமெண்ட் சாக்கு நிறைய மணல் அள்ளி என் பஸ்ஸில் ஏறுவார். நடுவூரில் இறங்கி, தண்ணீர் ஓரத்தில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

"அண்ணாச்சி, மணலுக்கு எதுக்கு டிக்கெட்டு? சும்மா கொண்டு போங்க" என்றேன் முதல் நாள்.

"சும்மா கொண்டு போனா அது மணலு. டிக்கெட்டு போட்டா சாட்சி. தெற்கூர்ல இருந்து நடுவூருக்கு மணலு வந்துச்சுன்னு அரசாங்கமே அடிச்சுக் குடுத்த சாட்சி. போடும்."

போட்டேன். ஒவ்வொரு டிக்கெட்டையும் நீவி, பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் வழியில் போலீஸ் சோதனை. எங்கள் பக்கத்தில் வீட்டில் கஞ்சா இருந்தால்கூடச் சமாளிக்கலாம், மணல் இருந்தால் சிரமம். ஏட்டையா சாக்கை அவிழ்த்தார்.

"என்னவே, மணல் கடத்தலா?"

"கடத்தல் இல்ல சார். மீட்பு. சந்தேகம்னா நக்கிப் பாருங்க. ஆத்து மணலு உப்புக் கரிக்காது."

ஏட்டையா நக்கிப் பார்த்தார். பஸ்ஸில் அறுபது பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை எடுலே" என்று டிரைவரிடம் எரிந்து விழுந்தார்.

நான் சிரித்ததைத் தாசில்தார் பார்த்துவிட்டார். "உம்ம வீடு எந்த மணல்ல கட்டுனது?"

"தாமிரபரணி மணல்தான் அண்ணாச்சி."

"கடலுக்கு வரவேண்டியது உம்ம சுவத்துல நிக்கி. சிரிக்காரு பாரு." அன்று முழுக்க பஸ்ஸில் எனக்கு 'களவாணி' என்று பேர்.

கொட்டுகிற மணல் மறுநாள் இருக்காது. இதுக்குப் போய் முதுகு ஒடியணுமா என்று கேட்டேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மணலோடு சிப்பி கலந்து கொட்டுகிறாராம். படகுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயிண்ட் பூசின சிப்பி. வடக்கூரில் மகள் காலையில் கரையில் நடந்து பார்த்துவிட்டு போன் போடுவாள். பஸ்ஸிலேயே ஒருமுறை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நீலம் ரெண்டு வந்திட்டு."

"கேட்டியளா?" என்று எல்லாரையும் சுற்றிப் பார்த்தார், மகள் பிள்ளை பெற்ற சேதி மாதிரி.

பிறகு நடுவூருக்குச் சுவர் பேச்சு வந்தது. கரை நெடுகக் கல்லைக் கொட்டி, கூடவே ஒரு தூண்டில் வளைவும். ஊர் பூராவும் கையெழுத்துப் போட்டது. கடலோரம் முதல் வரிசையில் இருந்த வீட்டுக்காரர் மட்டும் போடவில்லை. அது தாசில்தார்.

"ஏலே, விழப்போறது ஒன் வீடு. ஒனக்கு ஏம்ல வலிக்கி?" என்றார் ஊர்த்தலைவர்.

"அலை மணல்ல ஏறி வந்தா சோர்ந்து போவும். கல்லுல முட்டுனா திரும்புற போக்குல காலடி மணலைப் பறிச்சுட்டுப் போவும். வீடு நிக்கும், கரை நிக்காது. வளைவும் போட்டா வடக்கூருக்குப் போற மணலு மொத்தமா நின்னுரும். அங்கன எம் மக இருக்கா. தெற்கூர் மணலை லாரியில அள்ளி இங்கன தட்டச் சொல்லுங்க. அது பைய நடந்து வடக்கூருக்கும் போவும்."

"லாரிக்கு எவன்ல குடுப்பான்?"

"கல்லுக்குக் குடுக்கவன்."

கோயில் வளாகத்தில் அதிகாரி கருத்துக் கேட்க வந்த அன்று எனக்கு ஓய்வு நாள். தாசில்தார் என்னைச் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை, கையில் அந்த பிளாஸ்டிக் பை.

அதிகாரி பொறுமையான மனுஷன். சுவருக்கு இந்தப் பக்கம் குவிந்த மணலை அந்தப் பக்கம் கொட்டுவதை வேற்று நாட்டில் மெஷின் வைத்தே செய்கிறார்கள் என்றுகூடச் சொன்னார். தாசில்தார் ஊரைப் பார்த்தார் பாருங்கள், ஒரு பார்வை. பிறகு பையைக் கவிழ்த்தார்.

அதிகாரி ஒரு டிக்கெட்டை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, இதுல ஒண்ணுமே இல்லையே."

அத்தனையும் வெள்ளை. மெஷின் அடிக்கிற வழுவழுப்புத் தாள், பிளாஸ்டிக் பைக்குள் வெக்கையில் கிடந்தால் கொஞ்ச நாளிலேயே எழுத்தை விட்டுவிடும். கண்டக்டர் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாரம் தவறாமல் அவர் கையில் அதைக் கொடுத்த எனக்கு, ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

"சார், நான்தான் கண்டக்டர். நான் குடுத்ததுதான்" என்று எழுந்தேன்.

"லக்கேஜ்ல மணல் இருந்துச்சுன்னு டிக்கெட்ல வருமா?"

"வராது சார். லக்கேஜ்னுதான் வரும்."

கூட்டம் சிரித்தது. தாசில்தாரும் சிரித்தார். "பாத்தியளா சார், சாட்சியையும் கடலரிப்பு கொண்டு போயிட்டு."

கல் வந்தது. அவர் வீடு தப்பித்தது. படகுகள் தெற்கூருக்குக் குடிபோயின. அடுத்த கச்சான் காற்றில் வடக்கூரில் மகளின் அடுக்களை போனது, அதற்கடுத்த கச்சானில் வீடு. மகளும் மருமகனும் பெட்டிபடுக்கையோடு என் பஸ்ஸில்தான் வந்தார்கள். அவர் வேண்டாம் என்ற கல் காப்பாற்றின வீட்டில், அதே கல் வீடிழக்க வைத்தவள் இப்போது குடியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தெற்கூரில் பஸ்ஸை நிறுத்தினால், சாக்கோடு தாசில்தார்.

"மகதான் வந்துட்டால்லா அண்ணாச்சி, இன்னும் எதுக்கு?"

"மக வந்துட்டா. வடக்கூரு அங்கனதானே கெடக்கு? டிக்கெட்டை நடுவூருக்குப் போடாதேயும். வடக்கூருக்குப் போடும்."

மெஷினில் அடித்தேன். கிழித்தேன். பிறகு திருப்பி வைத்து, பால்பாயின்ட் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினேன்: மணல், ஒரு சாக்கு, தெற்கூரில் இருந்து வடக்கூர் வரை. தேதி போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

"என்னவே, கதை எழுதுதீரா? வண்டியை எடுக்கட்டா?" என்று கத்தினார் டிரைவர்.

தாசில்தார் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அவர் வாசித்து முடிக்கிற வரைக்கும் நான் விசில் கொடுக்கவில்லை.