நாலு விநாடி உயிர்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் அலுவலகம் போனேன். அலுவலகம் திறக்கவில்லை.

அலுவலகம் என்று நான் சொல்வது எங்கள் வீட்டின் சன்னலோர மூலையை. அங்கே ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, ஒரு கணினி. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டு இயந்திரப் பராமரிப்பு செய்தேன். நான்கு மாதத்துக்கு முன் ஓய்வு கொடுத்தார்கள். கூடவே ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். இனி நேரம் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவர்கள் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கணினி எனக்கு முன்பே அங்கிருந்து ஓய்வு பெற்றது. கழித்துக் கட்டிய சாமான்களோடு கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் முதுகில் கம்பெனியின் சொத்து எண் இன்னும் ஒட்டியிருக்கிறது. என் முதுகில் ஒட்டவில்லை. எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

மாசாயில் எங்களுடையது வரிசை வீடு. கூடம் என் மனைவி செல்வராணியுடையது. அடுப்படி அவளுடையது. பின்னறை அவளுடைய தையல் இயந்திரத்துக்கு. சன்னலோர மூலை மட்டும் எனக்கு. அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "வேலை" என்பேன். சீட்டு விளையாட்டுதான். ஆனால் ஒழுங்காக, எட்டரை முதல் ஐந்து வரை, நடுவில் ஒரு மணி நேர உணவு இடைவேளை விட்டு விளையாடுவேன்.

கணினியைக் கடைசியாகத் தொட்டது போன புதன்கிழமை. அன்று ஆயுத பூசை. அவளுடைய தையல் இயந்திரத்துக்கும் என் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். மறுநாள் காலை ரெங்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிறு மாலைதான் திரும்பினோம்.

பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அணைந்தது.

மறுபடி அழுத்தினேன். நாலு விநாடி உயிர். பிறகு இருட்டு. அந்தக் கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்ப்பதற்காக நான் அங்கே உட்காருவதில்லை.

"ராணி, கம்ப்யூட்டர் ஓடல."

"ஓடலைன்னா நடந்து வரட்டும்" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். கழுத்தில் அளவு நாடா, நெற்றியில் கண்ணாடி. தீபாவளிக்கு இரண்டு வாரம். பதின்மூன்று ரவிக்கை வந்திருந்தது. பின்னறைக்குச் சன்னல் கிடையாது, ஒரே ஒரு குழல் விளக்கு. சன்னலோரத்தை மூன்று முறை கேட்டிருந்தாள். "ஆபீஸை மாத்த முடியாது" என்று மூன்று முறையும் சொன்னேன். கொக்கி தைக்கவாவது கைகொடுங்கள் என்றாள். "எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

அவள் கணினியைக் குனிந்து பார்த்தாள். நான் பொத்தானை அழுத்திக் காட்டினேன். நான் திரையைப் பார்த்தேன். அவள் எதைப் பார்த்தாளோ, தெரியாது.

"நல்லா பாத்துட்டீங்களா?"

"இருபத்தாறு வருசம் மெஷின் பாத்தவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது?"

"சரி. ஞாயித்துக்கெழம பழைய சாமான் லாரி வரும். அதுக்குள்ள ஓடுச்சுன்னா வீட்டுல இருக்கட்டும். ஓடலைன்னா ஏத்தி விட்டுருவோம். செத்தத எத்தன நாளைக்கு வச்சிக்கிட்டு இருக்கிறது?"

"கடைக்கெல்லாம் தூக்கிட்டுப் போகமாட்டேன். நானே செய்வேன்."

"நான் போகச் சொல்லவே இல்லையே. நீங்களே செய்ங்க."

அந்தப் பதிலில் கொஞ்சம் அவசரம் இருந்தது. நான் கவனிக்கவில்லை. என் மனத்தில் அப்போது ஒரு சபதம் எழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் என் கையாலேயே இதை எழுப்புவேன். எழுப்பாவிட்டால், இந்த வீட்டில் எனக்கு உட்கார இடமில்லை.

பராமரிப்புக்கு ஒரு விதி உண்டு. பழுதைச் சுவரிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். முதலில் சுவர்ச் சுவிட்சைச் சோதித்தேன். மேசை விசிறியை அதில் செருகினேன், சுற்றியது. அடுத்தது மின்கம்பி. எங்கள் மின்சாரச் சோற்றுப் பானையின் கம்பியும் கணினியின் கம்பியும் ஒரே வகை. பானையினுடையதைக் கழற்றி வந்து மாட்டினேன். நாலு விநாடி. பானைக்குள் அரிசி வேகும் நடுவில் கழற்றியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று மதியம் ரொட்டி.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் வந்தார். அவர் மகன் சிங்கப்பூரில் கணினித் துறையில் இருக்கிறான். அந்தத் தகுதியில் அண்ணனும் இருக்கிறார்.

"மனோ, இது ராம்தான்லா. உள்ள இருக்கிற மெமரித் தகடு."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"எல்லாமே ராம்தான். கழட்டி, பென்சில் அழிக்கிற ரப்பரால நல்லாத் தேச்சு மாட்டு. மகன் அப்படித்தான் செய்வான்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"போன்ல சொல்லியிருக்கான்."

நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எட்டு ஆண்டுத் தூசி பஞ்சு போலப் படிந்திருந்தது. ஊதினேன். அது பறந்து போய் மேசையில் விரித்திருந்த ஒரு பட்டு ரவிக்கைத் துணியில் உட்கார்ந்தது. அந்தத் துணி என் மேசைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

செல்வராணி கோபப்படவில்லை. "ஏங்க, போர்ச்சுல வச்சுப் பாருங்களேன். காத்து வரும். வெளிச்சமும் நல்லா இருக்கும்" என்றாள். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மடக்கு மேசையைக்கூட அவளே போட்டுக் கொடுத்தாள். திரையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னே நடந்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று மணியம் அண்ணன் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"இந்த மேசை சும்மாதான இருக்கு" என்றாள் திரும்பும்போது. "ரெண்டு நாளைக்கு மெஷின இங்க போட்டுக்கவா?"

"போட்டுக்க" என்றேன். மனம் விசாலமாக இருந்தது. தையல் இயந்திரத்தைத் தூக்கி வைத்தவனும் நான்தான்.

புதன்கிழமை ரப்பரால் தேய்த்தேன். நாலு விநாடி. வியாழக்கிழமை உள்ளே இருக்கும் காசு அளவு பாட்டரியை மாற்றினேன். நாலு விநாடி. எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் எதைத் தேய்த்தாலும் அதே நாலுதான். நோயாளி மெலிந்துகொண்டே போனால் வைத்தியனுக்கு ஒரு துப்புக் கிடைக்கும். இது நிதானமாக, ஒரே அளவில் செத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மழை. போர்ச்சுக் கூரையில் ஓர் ஒழுகல் உண்டு. பாகங்களை நாளிதழில் சுற்றி, குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். அப்போது செனாயிலிருந்து பிரவீனா என்ற பெண் ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். உள்ளே என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. பேச்சும் கேட்டது.

"ஆண்ட்டி, இந்த எடம் நல்லா இருக்குலா. துணிக் கலர் சரியாத் தெரியுது. இங்கேயே வச்சுக்குங்க."

"பாப்போம்மா."

"அங்கிள் வெளிய என்ன செய்றாரு?"

"ரிப்பேர் பண்றாரு."

"எத?"

"அதத்தான் அவரும் தேடுறாரு."

சனிக்கிழமை எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். இரண்டு திருகாணி மிஞ்சியது. தொழிற்சாலையில் என்றால் அதற்கே விளக்கம் எழுதச் சொல்வார்கள். இங்கே கேட்க ஆளில்லை. இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் சந்தில் ஒலிபெருக்கி கேட்டது. "சூராட் காபார் லாமா... பெசி பூரோக்..." பழைய நாளிதழ், பழைய இரும்பு. பதிவு செய்த குரல், அவசரமே இல்லாத குரல். எல்லாரும் கடைசியில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தெரிந்த குரல்.

அழுத்தினேன். நாலு விநாடி. குரல் இரண்டாவது சந்துக்கு வந்தது. அழுத்தினேன். நாலு விநாடி. கணினியின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இருவருமே நன்றாக உழைத்தோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

செல்வராணி வெளியே வந்தாள். ஒரு கையில் ஊசி, மறு கையில் ஈரத்துணி.

"தள்ளுங்க."

தள்ளினேன்.

"இப்ப பொத்தான அழுத்துங்க. மேல பாக்காதீங்க. பொத்தானப் பாருங்க."

அழுத்தினேன். பார்த்தேன். ஆறு நாளாக அழுத்திய மறுகணமே கண்ணைத் திரைக்குத் தூக்கியிருக்கிறேன். பொத்தானை நான் பார்த்ததே இல்லை. அது உள்ளே போனது. வெளியே வரவில்லை. விசிறி நின்று, விளக்கு அணைந்த பிறகு, முழங்கால் வலிக்காரன் நாற்காலியிலிருந்து எழுவதுபோல மெல்ல மெல்ல வந்தது. அதைச் சுற்றிலும் ஆயுத பூசைச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

"அழுத்தின பொத்தான் உள்ளயே இருந்தா, நிறுத்தச் சொல்றீங்கன்னு நெனச்சு அது நின்னுடும்" என்றாள், ஊசியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே. "மத்தியானம் நாற்காலியிலயே தூங்கிடுவீங்கல்ல, அப்பல்லாம் நான் இதப் புடிச்சு அழுத்தித்தான் அணைப்பேன்."

நான் குனிந்து சந்தனத்தைப் பார்த்தேன்.

"பூசையன்னைக்கே சொன்னேன், பொத்தான்ல வைக்காதீங்க, பக்கத்துல வைங்கன்னு. என்ன சொன்னீங்க?"

சொன்னது நினைவிருந்தது. இயந்திரத்தின் உயிர் அதைத் தொடங்கும் பொத்தானில்தான் இருக்கிறது, தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமும் அங்கேதான் சந்தனம் வைத்தேன் என்று சொன்னேன்.

"ஃபேக்டரியில மறுநாள் யாரு தொடச்சா?"

யோசித்தேன். ஒரு முகமும் வரவில்லை.

"யாரோ தொடச்சிருக்காங்க" என்றாள். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். டக் என்று உள்ளே போய் டக் என்று வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தை நான் வாய்விட்டு எண்ணினேன். திரை வெளுத்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழம."

"ஏன் சொல்லல?"

"இருபத்தாறு வருசம் மெஷின் பாத்தவருக்கு நான் என்னத்தச் சொல்றது?"

லாரி வாசலில் நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "ஜுவால், அங்கிள்?" என்று கணினியைக் காட்டிக் கேட்டார், விற்பதற்கா என்று.

செல்வராணி இல்லை என்று தலையசைத்தாள். "தா ஜுவால். மாசே ஹிடூப்." விற்கவில்லை, இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓட்டுநர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கணினியைத் தூக்கிக்கொண்டு வெற்றியோடு உள்ளே நுழைந்தேன். சன்னலோரத்தில் தையல் இயந்திரம் ஓடத் தயாராக நின்றது. சன்னல் கம்பியில் வரிசையாக ரவிக்கைகள். சுவரில் என் கடிகாரத்துக்குக் கீழே அளவு எழுதிய தாள்கள். சுழல் நாற்காலியில் ஒரு தலையணை. இரண்டு நாளைக்கு வந்த முகம் அந்த மூலைக்கு இல்லை.

"இத எங்க வைக்கிறது?"

"பின்னறையில. மேசை தொடச்சு வச்சிருக்கேன்."

"எப்பத் தொடச்ச?"

"திங்கக்கெழம."

எடை கையை இழுத்தது. "அப்படின்னா லாரியிலேயே ஏத்தியிருக்கலாமே."

"ஏத்திட்டா, நாளைக்குக் காலையில எட்டரைக்கு நீங்க எங்க வந்து உக்காருவீங்க? அடுப்படியிலதான?"

கணினியோடு பின்னறைக்கு நடந்தேன். ஞாயம் அவள் பக்கம் இருந்தது. சன்னலும் இருந்தது.

பின்னறையில் கணினி ஒழுங்காக வேலை செய்கிறது. பழைய கணினி என்பதால் முழுதாக விழித்துக்கொள்ள நாலு நிமிடம் ஆகும். "அந்த நாலு நிமிசம் கை சும்மாதான இருக்கு" என்று முதல் நாளே ஒரு தகரப் பெட்டியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் பின்னறையில் என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டு, நான் "வேலை" என்று சொன்னால், அது பொய்யில்லை.

ஒரு ரவிக்கைக்கு ஆறு கொக்கி.