புலிக்கு முதுகு காட்டினவன்

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
2-6-1986

தாம்பரத்தில் இருக்கும் அன்பும் மரியாதையும் உள்ள அப்பாதுரை மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகன் அருணகிரி விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், தங்கச்சி வேதா சுகம், மாடும் கன்றும் சுகம். என் மனசு ஒன்றுதான் சுகமில்லை. அங்கே தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் நாங்கள் வண்டலூர் மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "ஏன்டா சாப்பிடல, வெயில் ஒத்துக்கலையா?" என்று கேட்டீர்கள். தலைவலி என்றேன். அது பொய். தலைவலி இல்லை மாமா, வயிற்றெரிச்சல். நீங்கள் எங்களை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போன பிறகு உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

முதலில் சகாதேவன் சங்கதி. பெரியம்மா மகன், என்னைவிட ஆறு மாதம் சின்னவன். போன காணும் பொங்கலுக்கு அவனை மட்டும் நீங்கள் புலி பார்க்கக் கூட்டிப் போனீர்கள். எனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது, அது உங்கள் தப்பில்லை. ஆனால் அதுவரைக்கும் இந்த ஊரில் மிருகம் என்றால் அருணகிரிதான். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்குத் தெரிந்ததெல்லாம் கடலை மடித்துத் தருகிற பழைய பேப்பர் சொல்லிக்கொடுத்தது. கடலையை வேதாவிடம் கொடுத்துவிட்டு பேப்பரை நோட்டில் ஒட்டுவேன். ஒரே கஷ்டம், முக்கியமான இடத்தில் கிழிந்திருக்கும். "ஒட்டகம் ஒரே மூச்சில் குடிக்கும் தண்ணீரின் அளவு" என்பதோடு நின்றுவிடும், மிச்சம் எவன் வாங்கின கடலையோடு போனதோ. புலி பேப்பரும் அப்படித்தான். "ஒரு புலியின் உடம்பில் உள்ள வரிகள்" என்று இருக்கும், அப்புறம் எண்ணெய்க் கறைதான். அந்த வரிகளுக்கு என்னதான் ஆயிற்று என்று மூன்று வருஷமாகத் தவித்தேன். இருந்தாலும் ஆதிமூலம் டீக்கடையில் எனக்குத்தான் பெஞ்சின் நடு இடம்.

சகாதேவன் வந்தான், இடம் போச்சு. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்குக்கூட ஆதிமூலம் அவனைக் காட்டுகிறார். "தோ இவன்தான், புலியை நேர்ல பார்த்துட்டு வந்த பையன். சொல்றா சகாதேவா." அவன் சொல்கிறான் மாமா. நாக்கு அரம் மாதிரி சொரசொர என்று இருக்குமாம். காதுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு இருக்குமாம். ஒரு தப்பாவது சொன்னால் பிடித்துக்கொள்ளலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. நான் வாயைத் திறந்தால் ஆதிமூலம், "நீ பேப்பர்ல பார்த்தவன்பா, அவன் நேர்ல பார்த்தவன். கொஞ்சம் நவுரு" என்கிறார். நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்கு வந்து, இப்போது சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறேன்.

அதனால்தான் நச்சரித்து அம்மாவைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். வந்த இடத்தில் அம்மா செய்ததைக் கேளுங்கள். வாசலைத் தாண்டினதும் வலது பக்கம் கையைக் காட்டி ஒரு அம்புக்குறி. புலி அந்தப் பக்கம்தான், நூறு தப்படிகூட இல்லை. ஊரே அந்தப் பக்கம் போகிறது. அம்மா நின்றுவிட்டது.

"இப்பிடிப் போனா இடமா சுத்தற மாதிரி ஆவுது. அது ஆவாது."

"இது மலை இல்லம்மா. மிருகக்காட்சி சாலை."

"எதைச் சுத்தினாலும் வலமாத்தான் சுத்தணும். முப்பது வருசமா மலையைச் சுத்தறேன், எனக்குச் சொல்லித்தர வந்துட்டான். செருப்பைக் கழட்டு."

கழற்றினேன். மே மாசத் தார் ரோடு. இடது பக்கம் திரும்பி ஊருக்கே எதிராக நடந்தோம். அதுவும் ரோட்டின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டுமாம், வலது ஓரம் சித்தர்கள் போகிற வழியாம். "இங்க ஏதும்மா சித்தருங்க?" என்றால், "உன் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் வருவாங்களா?" என்கிறது. மலை சுற்றுகிற வழியில் இருக்கிற எட்டு லிங்கம் கணக்கில் இங்கேயும் எட்டு இடத்தில் உட்கார்ந்தது. யானைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டது, சரி. நீர்யானைக்கும் போட்டுக்கொண்டது. குரங்குக் கூண்டு முன்னால் வேதாவுக்குத் திருநீறு பூசிவிட்டது. வெயிலில் நான் குதித்துக் குதித்து நடக்கிறேன், எதிரே வருகிற ஒவ்வொருவன் முகமும் புலியைப் பார்த்த முகம் மாமா. அந்த முகம் தனியாகத் தெரியும். ஒருத்தர் பரிதாபப்பட்டு நிறுத்தி, "தம்பி, வழி மாறிட்டீங்க. புலி அந்தப் பக்கம், இப்பத்தான் எழுந்து சோம்பல் முறிச்சுது" என்கிறார். நான் அழாத குறை. "நாங்க வலமா வந்துக்கினு இருக்கோம்ங்க" என்று அம்மா அவருக்கே விளக்கம் சொல்லுது. அந்த ஆளு பொண்டாட்டி, புள்ளைங்களோட செருப்பைக் கழட்டிட்டு எங்க பின்னால வந்துட்டாரு.

மூன்று மணி நேரம் கழித்துப் புலிக்கு வந்து சேர்ந்தோம். அகழிக்கு அந்தப் பக்கம் பாறை, மூங்கில் புதர். புலியைக் காணோம். நான் பதறவில்லை, வெயில் நேரத்தில் நிழலில் படுத்திருக்கும் என்பது நோட்டிலேயே இருக்கிறது. காத்திருக்கலாம் என்று திரும்பினேன். இந்தப் பக்கம் ஒரு போர்டு. புலியைப் பற்றித் தமிழில், முழுசாக, கிழியாமல். நாலாவது வரியில் இருக்குது மாமா. ஒரு புலியின் உடம்பில் உள்ள வரிகள் இன்னொரு புலிக்கு இருக்காது. நம்ம கைரேகை மாதிரி.

மூணு வருசம். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. பின்னால வந்த அந்தக் குடும்பத்துக்குச் சத்தமாப் படிச்சேன். கூட்டம் சேர்ந்துடுச்சு. படிச்சதோட விட்டேனா, நோட்டுல இருந்த மத்த சங்கதியும் எடுத்து விட்டேன். எல்லாரும் கண்ணை அகலமாத் தெறந்து, வாயைப் பொளந்துக்கினு பார்த்தாங்க. அட, நம்ம பேச்சுக்கு இவ்ளோ மரியாதையான்னு நானும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். வேதா சட்டையை இழுத்தா. "சும்மா இருடி, அண்ணன் பேசறேன் இல்ல"ன்னேன். அம்மா "டேய், டேய்"னுச்சு. "ஒரு நிமிசம்மா"ன்னேன்.

ஒரு நிமிசம் கழிச்சுத் திரும்புனா மூங்கில் புதர் ஆடி அடங்குது. அது வெளிய வந்து, தண்ணி ஓரம் உக்காந்து, காலை நக்கிட்டு, கொட்டாவி விட்டுட்டுப் போயிடுச்சாம். அத்தனை பேரும் பார்த்தது புலியை, என்னை இல்ல. அப்புறம் கதவு சாத்தற வரைக்கும் நின்னேன், வரல.

இப்ப ஊர்ல பெஞ்சோட நடு இடத்துல யாருன்னு நெனைக்கிறீங்க? அம்மாதான். "பச்சையம்மா, நீ சொல்லு"ன்னு ஆதிமூலம் டீயை ஆத்திக் குடுக்குறாரு. நாலு வயசு வேதா தெருவுல முட்டி போட்டுப் புலி நடக்கற மாதிரி நடந்து காட்டறா. சகாதேவன்மேல மட்டும் இருந்த பொறாமை இப்ப வீட்டுக்குள்ளயே வந்து என்கூட சோறு திங்குது.

ஆகையால் மாமா, ஒரு முடிவு செய்துவிட்டேன். எனக்கு இனிமேல் புலியும் வேண்டாம், பூனையும் வேண்டாம். நோட்டை ஆதிமூலத்திடம் கொடுத்து, போண்டா கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவனே சகாதேவன்தான், ஐ.டி.ஐ. அப்ளிகேஷன் வாங்க வருகிறான். அதை மட்டும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள். மறுபடியும் வண்டலூர் கூட்டிப் போக வேண்டாம். ஒருத்தனுக்கு ஒரு புலி போதும்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மா கொடுத்த மல்லாட்டை பையில் இருக்கிறது, புதுக் கடலை, எண்ணெய்க்கு நல்லது. அண்ணாமலையார் எல்லாரையும் காப்பாற்றட்டும், என்னைக் கொஞ்சம் ஜாஸ்தியாக.

இப்படிக்கு,
வயிறு எரியும் மருமகன்
அருணகிரி

பின்குறிப்பு: மாமா, இது சகாதேவன் எழுதறேன். திண்டிவனத்துல டீ குடிக்க பஸ் நிக்குது. கவரை சோத்துப் பருக்கையால ஒட்டியிருந்தான், அதுவாத் தெறந்துக்கிச்சு. காணும் பொங்கலுக்கு நீங்க கூட்டிப் போனப்ப நான் புலியைப் பார்க்கலை. அது கொட்டாவி விட்டப்ப உங்க முதுகுக்குப் பின்னால கண்ணை இறுக்கி மூடிக்கினு இருந்தேன், நீங்க சிரிச்சீங்களே. டீக்கடையில சொன்னதெல்லாம் அருணகிரி நோட்டுல படிச்சதுதான், நாக்கு, காதுப் பொட்டு எல்லாமே. புலியைப் பார்க்காதவனே இப்பிடி எழுதறானேன்னு எனக்குத்தான் அவன்மேல வயித்தெரிச்சல். ஆதிமூலம் அதுல மூணு போண்டா கட்டறதுக்குள்ள பிடுங்கிட்டேன், நோட்டு என் பையில பத்திரமா இருக்கு. அவனுக்கு ஒரு கார்டு போட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வரச்சொல்லுங்க. மூணு பேரும் போவோம். நீங்க அவன் வாயைப் பொத்திக்குங்க, நான் கண்ணைத் தொறந்து வெச்சிக்கிறேன். சின்னம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், செருப்பைக் கழட்டச் சொல்லும்.